நாற்பத்தெட்டாவது கொடையாளி

அக்டோபர் 3, வெள்ளி

இவர் சொல்லித்தான் எழுதுகிறேன். "உன் கோவத்தையெல்லாம் என்கிட்ட கொண்டாந்து கொட்டாத. மருந்துக் கம்பெனிக்காரன் குடுத்த டைரி சும்மாதான கெடக்கு, அதுல எழுதித் தொலை" என்றார். இருபத்தொரு வருஷமாகக் கேட்டவருக்கு இப்போதுதான் காது வலிக்கிறதாம். சரி, எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் பெயர், வேலை, ரத்த வகை என்று கேட்டிருந்தான். சண்முகவடிவு, மூத்த டெக்னீஷியன், மாவட்ட ஆஸ்பத்திரி ரத்த வங்கி, ஓ நெகட்டிவ் என்று நிரப்பினேன்.

காய்ச்சல் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். மிச்சப் பேர் வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிறார்கள். வாந்தியும் பினாயிலும் நிலவேம்புக் கஷாயமும் ஈரத்துணியும் கலந்து ஒரு வாடை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை தலைக்குக் குளித்தும் மூக்கைவிட்டுப் போகவில்லை. காலையிலிருந்து கதவைத் தட்டித் தட்டி ஒரே பாட்டு: பிளேட்லெட், பிளேட்லெட். ரேஷன் கடையில் சீனி கேட்கிற மாதிரி கேட்கிறார்கள். "நீங்க யாராவது ரத்தம் குடுக்கிறீங்களா" என்று திருப்பிக் கேட்டால் போதும், வராந்தா காலியாகிவிடுகிறது.

பிரசவ வார்டில் லூர்து மேரி என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. பதினாறாம் தேதி ஆபரேஷன். அவளுக்கும் ஓ நெகட்டிவ். ஓ நெகட்டிவ்காரிக்கு ஓ நெகட்டிவ்தான் ஏற்ற வேண்டும், அது நூறில் ஒருத்தர் இருவருக்குத்தான் இருக்கும். இரண்டு பை கையில் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒரு பை மெடிக்கல் காலேஜிலிருந்து வருகிறது. இன்னொன்று நான். ஏழாம் தேதியோடு போன தடவை கொடுத்து நாலு மாதம் முடிகிறது. கொடுத்தால் இருபத்தைந்தாவது முறை.

பதினேழாம் தேதி கலெக்டர் ஆபீஸில் விழா. இருபத்தைந்து முறை கொடுத்தவர்களுக்குக் கேடயம். இந்த ஜில்லாவில் பெண்களில் இதுவரை யாரும் வாங்கியதில்லை. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. அரக்குப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆவுடையப்பன் என்கிற ஊர்ப் பெரிய மனிதருக்கு அறுபதாவது பிறந்தநாள். கல்யாண மண்டபத்தில் ரத்ததான முகாம். அறுபது வயசுக்கு அறுபது பை என்று வாசலில் தென்னை உயரத்துக்கு பிளெக்ஸ். கொடுக்கிறவனுக்கு ஒரு ஹாட்பாக்ஸ், மட்டன் பிரியாணி, அண்ணாச்சியோடு ஒரு போட்டோ. மூடி சரியாக உட்காருகிறதா என்று ஹாட்பாக்ஸைத் திருகிப் பார்க்கிற அக்கறை ஒருத்தனுக்கும் கேள்விக்குப் பதில் சொல்வதில் இல்லை.

கேள்விப் படிவங்களைக் கையில் எடுத்தேன். அறுபத்தேழு படிவம். எல்லாவற்றிலும் ஒரே நீல மை. 'இல்லை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு. யாரோ ஒரு புண்ணியவான் நேற்றே உட்கார்ந்து ஊருக்கே கோடு போட்டு வைத்திருக்கிறான். முதல் கேள்வி என்ன தெரியுமா? 'இன்று நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?' அதற்கும் இல்லை. அறுபத்தேழு பேரும் நலமாக இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். கேள்வியைப் படித்திருந்தால்தானே.

இந்தப் படிவம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த ஜென்மங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எய்ட்ஸ், காமாலை, மலேரியா எல்லாவற்றுக்கும் பையில் டெஸ்ட் செய்கிறோம். டெங்குவுக்குச் செய்வதில்லை. காய்ச்சல் அடிப்பதற்கு முந்தின நாளே கிருமி ரத்தத்தில் இறங்கிவிடும். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். எங்களிடம் இருப்பது 'காய்ச்சல் வந்ததா' என்ற ஒரு கேள்வியும் அதற்கு மனுஷன் சொல்கிற பதிலும்தான். அந்தப் பதிலையும் எவனோ ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தால் நாங்கள் எதை வைத்துக் காப்பாற்றுவது?

எல்லாப் படிவத்தையும் கிழித்தேன். நானும் பெனாசிரும் புதுசாக ஒவ்வொருத்தனாகக் கேட்டோம். பெனாசிர் எங்கள் ரத்த வங்கியில் கொடையாளிகளை விசாரிக்கிற கவுன்சிலர், ஒப்பந்த வேலை, சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மெதுவாகப் பேசுவாள், ஆனால் விடமாட்டாள். ஒருத்தன் முழுக்கைச் சட்டையை இறக்கி இறக்கி விட்டான். சுருட்டச் சொன்னேன். புறங்கையில் குளுக்கோஸ் ஏற்றின பிளாஸ்திரி, அடியில் புண் இன்னும் காயவில்லை. முந்தாநாள்தான் காய்ச்சல் வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறான். தூ. ஒரு ஹாட்பாக்ஸுக்காக.

இருபது பேரைத் திருப்பி அனுப்பினேன். ஆவுடையப்பன் வந்து, "என்ன மேடம், நல்ல காரியத்துல மண்ணள்ளிப் போடுதீங்க. அறுபதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு" என்றார்.

"உங்க வயசக் கொறச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். பெனாசிர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நாற்பத்தேழு பையோடு வந்தோம். எண்ணிக்கை வெறி பிடித்த மனிதர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அக்டோபர் 6, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தாள். முத்துப்பேச்சி என்று பெயர். கையில் டார்ச்சும் ஒரு வெள்ளைக் கிண்ணமும். "இங்க என்னத்தம்மா பாக்கப் போற, இது பிளட் பேங்க், எங்க தரையில சோறு போட்டுத் திங்கலாம்" என்றேன். அவள் நேரே ரத்தம் கொடுத்தவர்கள் உட்கார்ந்து ஜூஸ் குடிக்கிற அறைக்குப் போனாள். அங்கே ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதன் முதுகுப்பக்கம், அடியில், ஐஸ் உருகின தண்ணீர் விழுகிற தட்டை உருவி எடுத்தாள்.

கறுப்பாக ஒரு தண்ணீர். செத்த கரப்பான் ஒன்று. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் துடிக்கிற புழு. தலைகீழாகத் தொங்குகிறது, நெளிகிறது, கிண்ணத்தில் ஊற்றினால் சுழித்துச் சுழித்து மேலே வருகிறது. ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

"கொசு மருந்து அடிச்சு என்ன மேடம் பிரயோசனம்" என்றாள் முத்துப்பேச்சி. "நீங்களே வளத்துல்லா விடுதீங்க. ஊருக்குள்ள எங்கள வையிதாவ."

பத்து நாளாக அந்த அறையில் உட்கார்ந்துதான் ரிஜிஸ்டர் எழுதுகிறேன். கணுக்கால் முழுக்கத் தடிப்பு, சொறிந்து சொறிந்து புண். கூட்டுகிற ஆயாவைக் கூப்பிட்டு நார்நாராகக் கிழித்தேன். ஃபிரிட்ஜ் சாவியும் அந்த அறையும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன என்று அவள் முணுமுணுத்தாள். என் பொறுப்பு என்றால் நானா தட்டைக் கழுவ வேண்டும்?

நேற்று முகாமில் நாள் பூராவும் நின்றது இடுப்பைப் பிடித்துக்கொண்டது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கொடுத்தாயிற்று. இருபத்தைந்து.

காலையில் ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுத்தான் போனேன், இடுப்புக்காக. பெனாசிர் படிவத்தை எடுத்துக்கொண்டு முறைப்படி எதிரே உட்கார்ந்தாள். "அக்கா, இன்னைக்கு எப்படி..." என்று ஆரம்பித்தாள். "ஏட்டி, எங்கிட்டயா? இந்தப் படிவத்த நீ பொறக்கிறதுக்கு முந்தியே நான் பாத்தாச்சு" என்று வாங்கி நானே நிரப்பிக் கையெழுத்தும் போட்டேன். அரை நிமிஷ வேலை.

ஊசி போடும்போது, "அக்கா, கை சுடுதே" என்றாள்.

"ஏசில ஒன் கை வெறச்சுக் கெடக்கு, அதான் எங்கை சுடுது" என்றேன்.

பை நிறைகிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பையைப் பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரிக்க வேண்டாம், லூர்து மேரிக்கு முழு ரத்தமாகவே இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன். டாக்டர் கார்மேகம் வந்து கைகொடுத்தார். எங்கள் மெடிக்கல் ஆபீசர். அதிகம் சிரிக்காதவர், இன்றைக்குச் சிரித்தார். கலெக்டர் ஆபீஸுக்குப் பெயர் போய்விட்டது.

அக்டோபர் 8, புதன்

தலைவலி. சோறு இறங்கவில்லை. ரசம் மட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

காய்ச்சல் இப்படிப் பரவுவதால் டாக்டர் புது உத்தரவு போட்டிருக்கிறார். ஐந்தாம் தேதியிலிருந்து ரத்தம் கொடுத்த எல்லோரையும் போனில் கூப்பிட்டு, கொடுத்த பிறகு காய்ச்சல் வந்ததா என்று கேட்க வேண்டும். வந்தது என்றால் அந்தப் பையை உடனே எடுத்து ஒதுக்க வேண்டும். பட்டியலில் நாற்பத்தெட்டு பெயர்.

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். மனுஷ குணம் என்ன என்று தெரிய வேண்டுமென்றால் இந்த வேலையை ஒரு நாள் செய்ய வேண்டும். ஒருத்தன் ஹாட்பாக்ஸ் மூடி கீறலாக இருக்கிறது, மாற்றித் தருவீர்களா என்று கேட்டான். ஒருத்தன் பெண்டாட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டான். அவள், ரத்தம் கொடுத்ததே எனக்குத் தெரியாது என்று அங்கேயே அவனை வையத் தொடங்கினாள். பாதிப்பேர் நான் கேள்வியை முடிப்பதற்குள் "இல்ல மேடம்" என்கிறார்கள்.

பதினெட்டாவது பெயர் சுடலைமணி. குரலே கம்மியிருந்தது. கெட்டியாகப் பிடித்தேன். "லேசாத்தான் மேடம். அன்னைக்குக் காலைலயே ஒரு மாதிரி இருந்துச்சு. மாத்திர போட்டுட்டு வந்தேன். அறுபது ஆள் வேணும்னு அண்ணாச்சி சொன்னாவல்லா."

அவனுடைய பிளேட்லெட் நேற்றே ரத்தப் புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு ஏறிவிட்டது. எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்பு. அவருக்கு என்ன ஆகும் என்று இனிக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தெரிஞ்சே குடுத்திருக்க. நீயெல்லாம் மனுஷனா? கொலைகாரன்டா நீ" என்று கத்தினேன். பெனாசிர் எதிர் மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பையில் மிச்சம் இருந்ததை எடுத்துச் சிவப்பு நாடா ஒட்டிக் கீழ்த்தட்டில் தள்ளினாள்.

நாற்பத்தேழு பேரையும் மூன்று மணிக்குள் முடித்தேன். நாற்பத்தெட்டாவது என் பெயர். பக்கத்தில் டிக் போட்டுவிட்டுப் பட்டியலை டாக்டரிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் இவர் தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேசாமல் போய் டிவியைப் பாருங்கள் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நூற்று ஒன்று. தூங்கும்போது வைத்துப் பார்த்திருக்கிறார். மழையில் நனைந்தது, வேறொன்றுமில்லை.

அக்டோபர் 11, சனி

லூர்து மேரி புருஷனோடு ரத்த வங்கி வாசலுக்கே வந்துவிட்டாள். இந்த வெயிலில் காலில் கனத்த சாக்ஸ், புடவைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, கை முழுக்க வேப்பெண்ணெய். அந்த நாற்றமும், அவன் நன்றிக்கடனாகக் கொண்டு வந்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தின் நாற்றமும் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது. அவன் பெயர் சகாயம். மீன் வண்டி ஓட்டுகிறான்.

"காய்ச்சல் வார்டு எங்க வார்டுக்கு அடுத்தாப்புலதான இருக்கு. ஒரு கொசு கடிச்சிரக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சே கெடக்கேன்க்கா" என்றாள். "இந்த நேரத்துல டெங்கு வந்தா ரத்தப்போக்கு நிக்காது, பிள்ளைக்கும் ஒட்டிக்கிடும்னு டாக்டரம்மா சொன்னாவ."

"ஒன்னும் வராது, போ" என்றேன்.

"எனக்கு எடுத்து வச்சிருக்கது ஒங்க ரத்தமாமே. தெரியாத ஆள் ரத்தம்னா பயந்திருப்பேன். ஒங்களுதுன்னு தெரிஞ்சப்பொறம்தான் கொஞ்சம் கண்ணசந்தேன்."

சகாயம், "வாரேன்க்கா. எங்கக்கா இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்காது" என்று கும்பிட்டுவிட்டு அவளை அணைத்துக் கூட்டிப் போனான். அவர்கள் தலை மறைந்ததும் கருவாட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வாந்தி எடுத்தேன். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி வலி.

கொடுக்கும்போது எனக்குக் காய்ச்சல் இல்லை. அதை எழுதி வைக்கிறேன். அடுத்த நாள்தான் வந்தது. ஊரில் பத்துவிதக் காய்ச்சல் இருக்கிறது. ரத்தமே இல்லையென்றால் அவள் செத்துப்போவது நிச்சயம், டெங்கு வருவது நிச்சயமில்லை. இதை எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கைகளில் சிவப்புப் புள்ளி. வேர்க்குரு. ஐப்பசி பிறக்கப்போகிற நேரத்தில் என்ன வேர்க்குரு என்றார் இவர். வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்காக வீட்டிலிருந்தே ஓ நெகட்டிவ் கொடையாளிகளைக் கூப்பிட்டேன். என் நோட்டில் ஒன்பது பேர். இரண்டு பேர் துபாயில். ஒருத்தர் இறந்து போனதாக மகள் சொன்னாள். ஒருத்தன் கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறானாம், ரத்தம் சிந்தக் கூடாதாம். கேட்டதும் எரிந்தது. இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருத்தி போன மாதம்தான் கொடுத்திருக்கிறாள். ஒரு வாத்தியார் தீபாவளி முடிந்து வருகிறேன் என்கிறார், அவளுடைய பிரசவம் இவர் பலகாரம் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கும் போல. கடைசி ஆள் போனை எடுக்கவில்லை.

எதற்காக இன்னொரு பை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

அக்டோபர் 13, திங்கள்

லேபில் ஒரு சாம்பிள் கொடுத்தேன். சீட்டில் கோமதி, வயது 45, வெளிநோயாளி என்று எழுதினேன்.

மத்தியானம் ரிசல்ட் வந்தது. கோமதிக்கு டெங்கு.

தையல்காரனிடமிருந்து ஜாக்கெட் வந்தது. கை இறுக்கமாக இருக்கிறது. பிரித்துத் தைக்க வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து போன். லூர்து மேரிக்கு உதிரம் கொட்ட ஆரம்பித்துவிட்டது, பதினாறாம் தேதிவரை தாங்காது, இப்போதே தியேட்டருக்கு எடுக்கிறோம் என்றார்கள். மெடிக்கல் காலேஜ் பையை எடுத்துக்கொண்டு பெனாசிர் ஓடினாள். கால்மணி நேரத்தில் மறுபடியும் போன். பிள்ளையை எடுத்தாயிற்று, பெண் பிள்ளை, ரத்தம் நிற்கவில்லை, இரண்டாவது பையை உடனே அனுப்புங்கள்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். வெளியே பையை வாங்கிப்போகப் பிரசவ வார்டு ஆள் காத்துக்கொண்டு நின்றான். ரத்தப் பை வெளியே போவதென்றால் பை எண் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். எழுதினேன். பிறகு ரத்தப் பை வைக்கிற ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

ஓ நெகட்டிவ் தட்டில் என் பை இல்லை. அங்கே வேறொரு பை இருந்தது. மெடிக்கல் காலேஜ் முத்திரை. பொருத்தம் பார்த்து, பெனாசிர் கையெழுத்தில் 'லூர்து மேரி' என்று எழுதி ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். கீழ்த்தட்டில், சுடலைமணி பைக்குப் பக்கத்தில், சிவப்பு நாடா ஒட்டின பை. என்னுடையது. 'வெளியே கொடுக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. தேதி ஒன்பது.

நல்ல பையை எடுத்து, வேறொரு சீட்டு எழுதி அனுப்பினேன். பெனாசிர் திரும்பி வந்தபோது ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ரத்தம் நின்னுட்டுக்கா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஏழாம் தேதிப் படிவத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். மேலிருந்து கீழே 'இல்லை' கட்டத்தில் ஒரே கோடு. நீல மை. இன்று நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? இல்லை.

"கை சுட்டப்பவே சந்தேகம்தான்க்கா. பொறவு இதப் பாத்தேன். நீங்க சுடலைமணிய வஞ்ச அன்னைக்கே எடுத்துக் கீழ வச்சுட்டேன். படிவம் சரியா இல்ல, இன்னொரு பை சொல்லுங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு அஞ்சு நாளா பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா."

என்னைவிட இருபது வயசு சின்னவள். கொலைகாரி என்று சொல்லியிருந்தால்கூட நான் திருப்பிக் கத்தியிருப்பேன், அந்தச் சௌகரியத்தையும் அவள் தரவில்லை. என் பையை எடுத்து ஒதுக்கி வைக்கத்தான் ஃபிரிட்ஜைத் திறந்தேன் என்று அவளிடம் சொன்னேன்.

டாக்டர் கார்மேகத்திடம் போய் லேப் காகிதத்தை நீட்டினேன். "யாரு இந்த கோமதி?" என்றார்.

"நான்தான் சார்."

அவரிடமும் ஒதுக்கி வைக்கத்தான் போனேன் என்று சொன்னேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டு என் பெயரை எடுக்கச் சொன்னார். பிறகு, "மொதல்ல போய் வார்டுல அட்மிட் ஆகுங்க. மத்தத எழுத்துல குடுங்க" என்றார்.

எழுத்தில் கொடுத்துவிட்டேன். அதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். முதலில் எழுதின சீட்டு, என் பை எண்ணோடும் என் கையெழுத்தோடும், ஹேண்ட்பேக்கில் கசங்கிக் கிடக்கிறது.

அக்டோபர் 15, புதன்

காய்ச்சல் வார்டு. ஒரே கட்டிலில் நானும் ஒரு கிழவியும். அவள் பாதம் என் முகத்துக்கு நேரே. பிளேட்லெட் நாற்பத்திரண்டாயிரம். புற்றுநோய்க்காரருக்கு இன்றைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். எழுத முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

சாயங்காலம் சகாயம் வந்தான். கையில் சாத்துக்குடிப் பை. கட்டிலுக்குக் கட்டில் என்னைத் தேடிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கிழவி, "ஒன்னத்தான் தேடுதாவ" என்று காட்டிக்கொடுத்துவிட்டாள்.

தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை இரண்டே முக்கால் கிலோ. சொல்லும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் கையில் மீன் வாடை. இந்தத் தடவை எனக்குக் குமட்டவில்லை.

"பிளட் பேங்க் அக்கா காய்ச்சல்ல கெடக்காவன்னு சொன்னாவ. எங்களுக்கு ரத்தம் குடுத்துத்தான் ஒங்க ஒடம்பு இப்படி ஆயிட்டுன்னு மேரி ஒரே அழுக. ஒங்க ரத்தம் இல்லன்னா அவ இல்லக்கா. பிள்ளைக்கு ஒங்க பேரையும் சேத்து வைக்கணும்னு சொல்லுதா."

சும்மா இருந்திருக்கலாம். அவனுக்குச் சொன்னது யார், என்ன சொன்னார்கள் என்று எனக்கென்ன. பெனாசிர் சொல்ல மாட்டாள். டாக்டரும் சொல்ல மாட்டார். நான் தலையை ஆட்டியிருந்தால் அந்தப் பிள்ளை என் பெயரோடு வளர்ந்திருக்கும்.

"என் ரத்தம் ஏத்தலப்பா" என்றேன். "என் பையில டெங்கு இருந்துச்சு. பெனாசிர்தான் ஒதுக்கி வச்சு வேற பை வரவழைச்சா. அவ பேர வையி."

"சரிக்கா, ஒங்களுக்குத் தெரியாமத்தான..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும். மொத நாளே தெரிஞ்சிக்கிட மாட்டேன்னு இருந்தேன். திங்கக்கிழமை நல்லாவே தெரிஞ்சிட்டு. செவ்வாக்கிழமை ஒன் பொண்டாட்டிக்கு அந்தப் பையக் குடுக்கச் சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டுத்தான் ஃபிரிட்ஜத் தொறந்தேன். அங்க இல்ல. இருந்திருந்தா குடுத்திருப்பேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். சகாயம் என் கைகளைப் பார்த்தான். பிடித்திருந்த பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக விட்டான். பிறகு இரண்டு உள்ளங்கையையும் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டான். கோபமாகச் செய்தமாதிரி இல்லை. சேற்றைத் தொட்டவன் துடைப்பதுபோல, நினைக்காமல் செய்தான்.

ஹேண்ட்பேக்கிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"சரி மேடம்" என்றான். எழுந்து போனான்.

சாத்துக்குடிப் பை கட்டிலிலேயே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வராந்தாக் குழாயில் கையைக் கழுவினான். கழுவிவிட்டு, அந்தப் பக்கம் வந்த ஆயாவிடம் சோப்பு இருக்கிறதா என்று கேட்டான்.